தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு கிட்டார்: டுவேன் எடியின் முதல் ஆல்பம்

கேள்வி இதுதான்: "எட்டு மாதமாகக் கிட்டார் கற்றுக்கொள்கிறேன். டுவேன் எடியின் 'ஹேவ் ட்வாங்கி கிட்டார் வில் டிராவல்' ஆல்பத்தைக் கட்டாயம் கேள் என்றார் மாஸ்டர். இரண்டு முறை கேட்டேன். பாடுவாரும் இல்லை, வேகமும் இல்லை. நானே வாசித்துவிடுவேன் போலிருக்கிறது. இதை ஏன் இன்னும் கொண்டாடுகிறார்கள்?"

"நானே வாசித்துவிடுவேன்" என்று தோன்றியதில் தப்பே இல்லை. அறுபது எழுபது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் எத்தனையோ பையன்களுக்கு அதேதான் தோன்றியது. அப்படித் தோன்றிக் கிட்டாரைக் கையில் எடுத்தவர்கள் அடுத்த பத்து வருஷத்து ராக் இசையைச் செய்தார்கள்.

எனக்கும் தோன்றியது. இந்த ஆல்பத்தில் உள்ள 'ரெபெல் ரௌசர்' பாட்டை மூன்றே நாளில் சுரம் பிசகாமல் பிடித்துவிட்டேன். பெருமையோடு போனில் பதிந்து போட்டுக் கேட்டால், காலையில் தெருவில் போகிற சைக்கிள் மணி மாதிரி இருந்தது. சுரம் எல்லாம் அதேதான். அவர் வாசித்தது மட்டும் அதில் இல்லை. உங்கள் கேள்விக்கு என் பதில் அங்கேதான் தொடங்குகிறது. இந்த ஆல்பத்தில் வித்தை விரலில் இல்லை, சத்தத்தில் இருக்கிறது. அந்தச் சத்தத்தைச் செய்தது ஒரே ஒரு ஆளும் இல்லை, பலர்.

ஆளைப் பற்றிச் சுருக்கமாக. டுவேன் எடி 1938இல் நியூயார்க் மாநிலத்தில் கார்னிங் என்ற ஊரில் பிறந்தவர். பதின்ம வயதில் குடும்பம் அரிசோனாவுக்குக் குடிபெயர்ந்து கூலிட்ஜ் என்ற ஊரில் தங்கியது. பாலைவனத்துக்கு நடுவே வாய்க்கால் வெட்டிப் பருத்தி போடுகிற ஊர். அங்கே உள்ளூர் வானொலியில் இசைத்தட்டு சுழற்றிக்கொண்டிருந்தவர் லீ ஹேசல்வுட். எடியைவிட ஒன்பது வயது மூத்தவர். 1954இல் இருவருக்கும் பழக்கம். பையனுக்கு அப்போது பதினாறு வயது. பிற்பாடு நான்சி சினாட்ராவுக்கு 'தீஸ் பூட்ஸ் ஆர் மேட் ஃபார் வாக்கிங்' எழுதிக் கொடுத்தவர் இந்த ஹேசல்வுட்தான். அப்போது அவருக்கு இருந்தது ஒரு வானொலி வேலையும், தட்டு போட்டே ஆகவேண்டும் என்ற வெறியும்.

1957இல் ஃபீனிக்ஸ் நகரத்துக் கடை ஒன்றில் எடி தன்னுடைய லெஸ் பால் கிட்டாரைக் கொடுத்துவிட்டு ஒரு க்ரெட்ச் 6120 வாங்கினார். கன்ட்ரி கிட்டார்க்காரர் செட் அட்கின்ஸ் பெயரில் வந்த ஆரஞ்சு நிறக் கிட்டார், உள்ளே வெறுங்கூடு. அதன் வால்பகுதியில் பிக்ஸ்பி என்ற கைப்பிடி இருக்கும். அதை அமுக்கினாலோ தூக்கினாலோ தந்திகள் தளர்ந்து இறுகும், சுரம் லேசாக ஆடும். அந்தக் காலத்துத் தந்திகள் இன்று நீங்கள் போடுகிறவை போல மெல்லியவை அல்ல. மூன்றாவது தந்திகூடச் சுற்றுத் தந்திதான். விரலால் இழுத்து வளைப்பது பெரும் பாடு. வீணைக்காரர் விரலால் இழுத்துச் செய்கிற அசைவை இவர் கைப்பிடியால் செய்தார். சுரத்தைத் தட்டிவிட்டு, அது அடங்கும்போது லேசாக ஒரு ஆட்டு ஆட்டுவார். அவ்வளவுதான்.

இனி முக்கியமான முடிவு. அந்த நாளில் கிட்டாரில் தனி வாசித்தவர்கள் மேல் தந்திகளில், அதாவது தார ஸ்தாயிப் பக்கம் ஏறி வாசிப்பார்கள். அங்கேதான் பளிச்சென்று கேட்கும் என்ற எண்ணம். எடி கவனித்தது வேறு. மைக் வழியாகவும் ரேடியோ வழியாகவும் போய் வெளியே வரும்போது மேல் தந்தி மெலிந்துவிடுகிறது, கீழ்த் தந்தி, அதாவது கீழ்ச் சுரம் தருகிற தடித்த தந்தி, கனமாக வந்து நிற்கிறது. அந்தத் தந்தியைப் பிரிட்ஜ் பக்கம், அதாவது கிட்டார் உடலில் தந்திகளைத் தாங்குகிற கட்டைப் பக்கம், அழுத்தித் தட்டினால் அடிச்சுரம் ஒன்று, அதன் மேல் உலோகம் அறைந்தது போல ஒரு கூர்மை ஒன்று, இரண்டும் சேர்ந்து கிளம்பும். அந்த 'ட்வாங்'. ஆகவே பாட்டின் மெட்டையே மந்தர ஸ்தாயிக்கு இறக்கினார். பின்னால் நின்று தாளம் காட்டவேண்டிய தந்திகள் முன்னால் வந்து பாடின. இன்று இது எல்லோரும் செய்வது. ஜேம்ஸ் பாண்ட் தீம் நினைவிருக்கிறதா? 1962இல் விக் ஃப்ளிக் வாசித்தது. அந்தக் கனத்த கீழ்த் தந்திக் கிட்டார் இந்த வழியில் வந்ததுதான்.

அப்புறம் தொட்டி.

ஃபீனிக்ஸில் ஃப்ளாய்ட் ராம்சே என்பவரின் 'ஆடியோ ரெக்கார்டர்ஸ்' ஸ்டுடியோவில்தான் பதிவு. ஜாக் மில்லர் அங்கே ஒலிப்பதிவாளர். பெரிய நகரத்து ஸ்டுடியோக்களில் எதிரொலிக்கென்று தனி அறை கட்டி வைத்திருப்பார்கள். இங்கே அதற்கு இடமும் இல்லை, காசும் இல்லை. ஹேசல்வுட் பழைய தண்ணீர்த் தொட்டிகள் விற்கிற இடத்துக்குப் போய், ஒவ்வொன்றுக்குள்ளும் கத்திப் பார்த்தார். எது பிடித்த மாதிரி திருப்பிக் கத்தியதோ அதை வாங்கினார். 2,000 கேலன் தொட்டி, நம் கணக்கில் ஏறக்குறைய 7,500 லிட்டர். மொட்டைமாடித் தொட்டி ஏழெட்டை ஒன்றாக்கியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஸ்டுடியோவுக்குள் எங்கே நுழையும்? வெளியே வண்டி நிறுத்துகிற இடத்தில் கிடத்தினார்கள். ஒரு முனையில் ஸ்பீக்கர், மறு முனையில் மைக். உள்ளே எடி வாசிப்பது கம்பி வழியாக வெளியே போய்த் தொட்டிக்குள் முழங்கும். அந்த முழக்கத்தை மைக் பிடித்து உள்ளே அனுப்பும். அதை நேரடிச் சத்தத்தோடு வேண்டிய அளவு கலப்பார் மில்லர். தொட்டிமேல் பறவைகள் வந்து உட்கார்ந்து கத்தினால் வேலை நின்றுவிடும், யாராவது போய் விரட்டவேண்டும். தெருவில் சைரன் போனாலும் அதே கதை.

இதை மெம்ஃபிஸ் நகரத்து சன் ரெக்கார்ட்ஸ் என்ற தட்டுக் கம்பெனியின் எதிரொலியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதன் முதலாளி சாம் ஃபிலிப்ஸ் அங்கே செய்தது டேப் வித்தை. டேப் மிஷினில் பதிகிற தலைக்கும் படிக்கிற தலைக்கும் இடையே உள்ள தூரத்தைப் பயன்படுத்தி, அதே சத்தம் ஒரு கணம் கழித்து இன்னொரு முறை 'டக்' என்று கேட்கும்படி செய்தார். இரண்டு தனித்தனி அடிகளாகக் காதில் விழும். தொட்டி அப்படி எண்ணிக் கொடுக்காது. இரும்புச் சுவரில் மோதி மோதித் திரும்புகிற ஆயிரம் பிரதிபலிப்புகள் ஒன்றாகக் குழைந்து, சுரத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட வாலாகத் தொங்கும். அந்த வால்தான் எடியை மெதுவாக வாசிக்க வைத்தது என்பது என் கணிப்பு. வேகமாக வாசித்தால் வால்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் சேறாகிவிடும். குறைவாக வாசித்தால் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு வெட்டவெளி கிடைக்கும். நீங்கள் 'வேகமில்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அது வேகம் வராததால் விட்டது இல்லை. இந்தச் சத்தம் கேட்ட விலை அது.

இதோடு, எடியின் கிட்டாரில் இன்னொரு நடுக்கமும் கேட்கும். பிக்ஸ்பி சுரத்தை ஆட்டுகிறது. ட்ரெமொலோ என்ற பெட்டி சுரத்தைத் தொடாமல் சத்த அளவை மட்டும் கூட்டிக் குறைக்கிறது, யாரோ கதவைத் திறந்து திறந்து மூடுவது போல. 'ரெபெல் ரௌசர்' ஆரம்பத்தில் கிட்டார் தனியாக வருகிற இடத்தில் அந்த இரண்டாவது நடுக்கத்தைக் கேளுங்கள். கற்றுக்கொள்கிறவர்கள் பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு விரலால் ஆட்டிப் பார்த்து ஏமாறுகிறார்கள். நானும் ஏமாந்தேன்.

இப்போது ஆல்பத்துக்கு வருகிறேன். இது 1959 ஜனவரியில் ஃபிலடெல்ஃபியாவின் ஜேமி ரெக்கார்ட்ஸ் வழியாக வெளிவந்தது. பெயர், அப்போது தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்த 'ஹேவ் கன் வில் டிராவல்' என்ற கௌபாய்த் தொடரைக் கிண்டலாகத் திருப்பியது. துப்பாக்கி இருந்த இடத்தில் கிட்டார். பன்னிரண்டு பாட்டு, மொத்தம் ஏறக்குறைய அரை மணி நேரம். அமெரிக்க ஆல்பம் வரிசையில் 5ஆம் இடம் வரை ஏறி, 82 வாரம் பட்டியலில் இருந்தது. பாடகரே இல்லாத, இருபது வயதுப் பையனுடைய முதல் ஆல்பத்துக்கு இது சின்ன விஷயமா?

ஆனால் இதை ஒரே மூச்சில் செய்த ஆல்பம் என்று நினைத்துக் கேட்டால் ஏமாற்றம்தான். ஒட்டுத் தையல். ஏற்கெனவே தனித்தட்டாக வந்த ஐந்து பாட்டுகளைச் சுற்றி மற்றவற்றை அடுக்கியிருக்கிறார்கள். 'மூவின் அண்ட் க்ரூவின்' முதல் தட்டு. 1958 தொடக்கத்தில் வந்து அமெரிக்கத் தனித்தட்டு வரிசையில் 72ஆம் இடத்தோடு நின்றது. அடுத்து 'ரெபெல் ரௌசர்', 6ஆம் இடம். பிறகு 'ராம்ராட்' 27, 'கேனன்பால்' 15, 'தி லோன்லி ஒன்' 23. மீதி ஏழில் பாதிக்கு மேல் அந்தக் காலத்து மக்களுக்கு நன்றாகத் தெரிந்த பழைய பாட்டுகள்: 1920களின் 'லோன்சம் ரோட்', ஐவரி ஜோ ஹன்டரின் ப்ளூஸ் பாட்டு 'ஐ ஆல்மோஸ்ட் லாஸ்ட் மை மைண்ட்', கன்ட்ரி பாட்டு 'டீடூர்', எல்விஸ் பாடிய 'லவிங் யூ'. தெரிந்த மெட்டைப் போட்டால்தான் வார்த்தை இல்லாத தட்டை வீட்டுக்கு வாங்கிப் போவார்கள் என்ற கடைக்காரக் கணக்கு அதில் தெரிகிறது.

'மூவின் அண்ட் க்ரூவின்' தொடங்குகிற விதத்தைக் கவனியுங்கள். ராக் அண்ட் ரோல் முன்னோடி சக் பெர்ரியின் 'ப்ரவுன் ஐட் ஹேண்ட்சம் மேன்' தொடக்கத்தை எடி அப்படியே கைமாற்றாக வாங்கியிருக்கிறார். ஐந்து வருஷம் கழித்து பீச் பாய்ஸ் என்ற குழு 'சர்ஃபின் யூஎஸ்ஏ' போட்டபோது இந்தத் தொடக்கத்தை இவரிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள், மெட்டைச் சக் பெர்ரியின் இன்னொரு பாட்டிலிருந்து எடுத்தார்கள். கடன் சுற்றிச் சுற்றி ஒரே வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அதே 'மூவின் அண்ட் க்ரூவின்' பாட்டில் சாக்ஸ், அதாவது சாக்ஸபோன், வாசித்தவர் ப்ளாஸ் ஜான்சன். பெயர் தெரியாவிட்டாலும் உங்களுக்கு அவரைத் தெரியும். 'பிங்க் பேந்தர்' தீமில் பூனை நடக்கிற அந்த சாக்ஸ் அவருடையதுதான். இங்கேதான் நான் முன்பு சொன்ன 'ஒரு ஆள் இல்லை' என்பது வருகிறது. ஹேசல்வுட் ஃபீனிக்ஸில் கிட்டார், பேஸ், டிரம்ஸ் எல்லாம் பதிந்துகொண்டு, டேப்பைத் தூக்கிக்கொண்டு ஹாலிவுட்டுக்குப் போவார். அங்கே கோல்ட் ஸ்டார் ஸ்டுடியோவில் சாக்ஸையும் குரல்களையும் மேலே ஏற்றுவார். 'ரெபெல் ரௌசர்' பாட்டில் சாக்ஸ் கில் பெர்னால். கைத்தட்டும் கூச்சலும் 'தி ஷார்ப்ஸ்' என்ற குழு, பின்னால் 'ரிவிங்டன்ஸ்' என்று பெயர் மாற்றிக்கொண்டவர்கள். கிட்டார் ஒரு ஊரில், அதற்குப் பதில் சொல்கிற சாக்ஸ் வேறொரு ஊரில், ஆனால் கேட்டால் ஒரே மேடையில் நின்று ஒருவரை ஒருவர் சீண்டுவது போலிருக்கும்.

ஒரு இடைச்செருகல். 'ரெபெல்' என்ற சொல்லும் அந்தக் கூச்சலும் அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறைக்காக நின்ற தெற்குப் படைகளை நினைவூட்டுபவை. எடியின் குழுவுக்கும் 'தி ரெபெல்ஸ்' என்றே பெயர். அந்தத் தெற்கத்திக் கூச்சலை இந்தத் தட்டில் போட்டது ஒரு கறுப்பினக் குழு. அன்று யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. இன்று கேட்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் காது கொஞ்சம் நின்றுதான் போகிறது.

'ரெபெல் ரௌசர்' எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். முதலில் கிட்டார் மட்டும், அவசரமில்லாமல் மெட்டைச் சொல்லிக் காட்டுகிறது. பிறகு தாளம் சேர்கிறது, கைத்தட்டு சேர்கிறது, சாக்ஸ் உள்ளே வருகிறது. மெட்டு கடைசி வரை ஏறக்குறைய மாறவே இல்லை. மாறுவது சுருதி. கச்சேரி நடுவே யாரோ சுருதிப் பெட்டியை மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டே போவதுபோல, சுற்றுக்குச் சுற்று அரைச் சுரம் மேலே போகிறது. கேட்கிறவருக்கு எதனால் உற்சாகம் கூடுகிறது என்றே தெரியாது. எடி வாசிப்பதை அங்கே கணக்கெடுத்தால், பாதி நேரம் அவர் வழிவிட்டு நிற்கிறார். இந்த ஆல்பம் முழுக்க அப்படித்தான். அட்டையில் கிட்டார் என்று போட்டிருக்கிறது. உள்ளே கிட்டார் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது, மற்றவர்கள் கதையை நடத்துகிறார்கள். தன் பெயரில் வருகிற தட்டில் இவ்வளவு சும்மா இருக்க ஒரு இருபது வயதுப் பையனுக்கு எங்கிருந்து துணிச்சல் வந்தது என்பதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம்.

பின்னணியில் இருந்தவர்களில் ஆல் கேஸியின் பெயரைச் சொல்லாமல் விட்டால் பாவம். 'ராம்ராட்' அவர் எழுதியது. கிட்டார், பியானோ, பேஸ் என்று எது காலியாக இருந்ததோ அதில் உட்கார்வார். அவர் மனைவி கோர்கி கேஸியும் ரிதம் கிட்டார் வாசித்தார், 1950களின் ராக் பதிவுகளில் பெண் ஒருவர் கிட்டாரோடு உட்கார்ந்திருந்தது அபூர்வம். எடியோடு வாசித்தவர்களில் பலர் பிறகு லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டுடியோக்களின் முதுகெலும்பு ஆனார்கள். சாக்ஸ் ஸ்டீவ் டக்ளஸ், பியானோ லேரி நெக்டல் இருவரும் அந்த வரிசை. 'பிரிட்ஜ் ஓவர் ட்ரபிள்ட் வாட்டர்' பாட்டின் பியானோ நெக்டலுடையது. பின்னாளில் பெரிய இசைத் தயாரிப்பாளரான இளைஞன் ஃபில் ஸ்பெக்டரும் ஹேசல்வுட் வேலை செய்வதைப் பார்க்க ஃபீனிக்ஸ் வந்துபோனவர். எதிரொலியைச் சுவராகக் கட்டிப் பின்னால் பேர் வாங்கிய அதே ஸ்பெக்டர்.

வியாபாரக் கதை ஒரு வரியில்: ஃபிலடெல்ஃபியாவிலிருந்து நாடெங்கும் ஒளிபரப்பான 'அமெரிக்கன் பேண்ட்ஸ்டாண்ட்' நடத்திய டிக் கிளார்க்குக்கு ஜேமி ரெக்கார்ட்ஸில் பங்கு இருந்தது. 1960இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு வானொலி, தொலைக்காட்சி லஞ்சத்தை விசாரித்தபோது இதையும் கிளறியது. எடியின் தட்டுகள் தொலைக்காட்சியில் அடிக்கடி கேட்டதற்கு இதுவும் ஒரு காரணம்தான். ஆனால் தள்ளிவிட்டதெல்லாம் ஓடிவிடாது, அந்தக் காலத்தில் தள்ளிவிட்டும் விழுந்த தட்டுகள் ஏராளம்.

எல்லாமே நன்றாக இருக்கிறதா? இல்லை. 'எனிடைம்' மரியாதையான வாசிப்பு, அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. 'லவிங் யூ' கடைசியில் வந்து ஆல்பத்தை உறங்கப் போடுகிறது. 'கேனன்பால்' ராக் அண்ட் ரோல் கிட்டார்க்காரர் போ டிட்லியின் தாளத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது, ஓடும்போது நன்றாக இருக்கிறது, முடிந்தபின் நினைவில் தங்குவது தாளம்தான். எனக்குப் பிடித்தது பட்டியலில் ஏறாத ஒன்று: 'த்ரீ தர்ட்டி ப்ளூஸ்'. மெதுவான ப்ளூஸ். ஒரு வாக்கியம் வாசித்துவிட்டு அடுத்ததற்கு அவர் எடுத்துக்கொள்கிற நேரத்தைக் கேளுங்கள். தொட்டி அந்த இடைவெளியை நிரப்புகிறது, அவருக்குத் தெரியும் நிரப்பும் என்று. வாசிக்காத இடத்தையும் பாட்டாக்குவது என்றால் என்ன என்று இந்த ஒரு பாட்டில் எனக்குப் புரிந்தது. 'ஸ்டாக்கிங்' இரண்டாவது. 'ரெபெல் ரௌசர்' தட்டின் மறுபக்கமாக வந்தது. பதுங்கி நடக்கிற நடை.

எப்படிக் கேட்பது என்றால், போன் ஸ்பீக்கரில் வேண்டாம். கீழ்த் தந்திதான் இந்த ஆல்பத்தின் உயிர், அதைத்தான் போன் முதலில் தின்றுவிடும். ஓரளவு பெரிய ஸ்பீக்கரில், மோனோ பதிப்பு கிடைத்தால் மோனோவில் கேளுங்கள். இந்தப் பாட்டுகள் காரிலும் கடையிலும் ஒற்றை ஸ்பீக்கர் ரேடியோவில் கேட்கச் செய்தவை, எல்லாம் ஒரே இடத்திலிருந்து மொத்தமாக வந்து நெஞ்சில் இடிக்கவேண்டும். வரிசையையும் மாற்றிப் பாருங்கள்: 'மூவின் அண்ட் க்ரூவின்', 'ரெபெல் ரௌசர்', 'ஸ்டாக்கிங்', 'த்ரீ தர்ட்டி ப்ளூஸ்'. மீதி அப்புறம்.

எடி 2024 ஏப்ரல் 30 அன்று டென்னசியில் 86 வயதில் காலமானார். 1986இல் 'ஆர்ட் ஆஃப் நாய்ஸ்' என்ற இங்கிலாந்து எலெக்ட்ரானிக் குழு அவரைக் கூப்பிட்டு, அவர் முன்பே தட்டாகப் போட்டிருந்த 'பீட்டர் கன்' என்ற தொலைக்காட்சித் தொடர் மெட்டைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கிராமி விருது வாங்கியது. சுற்றிலும் கம்ப்யூட்டர் சத்தம், நடுவில் அதே கீழ்த் தந்தி, 1950களின் கடைசியில் வாசித்த அதே நிதானம்.

கடைசியாக உங்கள் பயிற்சிக்கு. 'ரெபெல் ரௌசர்' ஆரம்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிக்கை பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கீழ்த் தந்திகளில் மட்டும் வாசியுங்கள். ஆம்பில் ரிவெர்ப் (எதிரொலி) இருந்தால் வெட்கப்படாமல் ஏற்றுங்கள். ஒரு சுரத்தைத் தட்டியபின் அதன் வால் முடிகிற வரை அடுத்ததைத் தொடாமல் இருந்து பாருங்கள். முதல் வாரம் கை சும்மா இருக்காது, இடையில் எதையாவது நுழைக்கும். என் கை இன்னும் நுழைக்கிறது.